உங்களுக்குத் தெரியுமா? பொங்குவது கறை அல்ல, கிரவுட்!

டைல்ஸ் போட்ட வீட்டில் தரை எவ்வளவு பளபளத்தாலும், கண் போய் நிற்பது இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஓடும் மெல்லிய கோட்டில்தான். கிரகப்பிரவேசத்தன்று வெள்ளையாக இருந்தது, அடுத்த தீபாவளிக்குள் பழுப்பாகிவிடும். உடனே ஆசிட் பாட்டில் வரும். ஊற்றுவோம், பொங்கும், மூக்கு எரியும், கோடு வெளுக்கும். சில மாதங்களில் முன்னைவிட அதிகமாகக் கறுக்கும். ஏன் அப்படி? ஆசிட் இல்லாமல் அந்தக் கோட்டைச் சுத்தம் செய்ய முடியாதா? முடியும். கொஞ்சம் வேதியியலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கோட்டுக்குள் என்ன இருக்கிறது?

● டைல்ஸ் இடுக்கை அடைக்கும் பொருளுக்குக் கிரவுட் என்று பெயர். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது சிமெண்ட் கிரவுட். சிமெண்ட், நிறப்பொடி, சில வேதிச் சேர்க்கைகள் ஆகியவற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அடைக்கிறார்கள். அகலமான இடுக்கு என்றால் மெல்லிய மணலும் சேரும். பழைய வீடுகளில் மேஸ்திரிகள் ஒயிட் சிமெண்டையே குழைத்து அடைத்திருப்பார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது சிமெண்ட்தான். டைல்ஸைக் கண்ணாடிப் பாத்திரம் போலத் தேய்க்கலாம். கிரவுட்டைச் சிமெண்டாக நினைத்துத்தான் தொட வேண்டும்.

● இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லேண்ட் சிமெண்டின் பெயருக்கு வயது 200க்கும் மேல். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இறுகியபின் போர்ட்லேண்ட் தீவில் வெட்டியெடுக்கும் கட்டடக் கல்லைப் போல இருந்ததால் அந்தப் பெயர்.

● நல்ல விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. அதை ஒட்டியே இருக்கும் சிமெண்ட் கிரவுட் முழுக்க நுண்துளைகள். டைல்ஸ் மேல் சிந்திய டீ மேலேயே நிற்கும். இடுக்கில் சிந்திய டீ உள்ளே இறங்கிவிடும். ஒரே தரையில் டைல்ஸ் மட்டும் வெள்ளையாக, கோடு மட்டும் பழுப்பாக இருப்பதன் காரணம் இதுதான்.

● இடுக்கு, டைல்ஸைவிட ஒரு நூலளவு பள்ளமாக இருக்கும். அழுக்குத் தண்ணீரில் முக்கிய மாப்பால் துடைத்தால் டைல்ஸ் சுத்தமாகும். அந்த அழுக்குத் தண்ணீர் பள்ளத்தில் வடிந்து காயும். தினமும் துடைத்தும் கோடு கறுக்கிறது என்று வருந்துகிறவர்கள் முதலில் பக்கெட் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒரு அறைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

● எல்லாக் கிரவுட்டும் சிமெண்ட் அல்ல. எபாக்ஸி கிரவுட் என்பது ஒருவகைப் பிசின். தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது, எளிதில் கறை பிடிக்காது. விலையும் போடும் கூலியும் அதிகம். உங்கள் வீட்டில் இருப்பது எது என்று அறிய, காய்ந்த கோட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உள்ளிறங்கிக் கோடு கருமையானால் அது சிமெண்ட் கிரவுட். முத்துப் போல மேலேயே நின்றால், எபாக்ஸி அல்லது சீலர் என்னும் தண்ணீரை விலக்கும் திரவம் பூசிய சிமெண்ட் கிரவுட்.

பொங்கும்போது என்ன நடக்கிறது?

● சிமெண்ட் காரத்தன்மை கொண்டது. அமிலம் பட்டால் சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சேர்மங்கள் கரையும். அதில் கால்சியம் கார்பனேட் கரையும்போது கரியமில வாயு குமிழ்குமிழாக வெளியேறும். ஆசிட் ஊற்றியதும் பொங்குவதைப் பார்த்து ‘அழுக்கு கிளம்புகிறது’ என்று மகிழ்கிறோம். கிளம்புவது பெரும்பாலும் கிரவுட்தான். அழுக்கு அதோடு சேர்ந்து போகிறது, அவ்வளவே.

● அப்படியானால் கோடு வெளுப்பது ஏன்? மேல்தோல் கரைந்து, கறைபடாத அடிப்பகுதி வெளியே தெரிவதால். ஆனால் அந்தப் புதிய பரப்பு சொரசொரப்பானது, துளைகள் அதிகம் கொண்டது. அடுத்த அழுக்கு முன்னைவிட வேகமாக ஒட்டும். மறுபடி ஆசிட், மறுபடி அரிப்பு. சில ஆண்டுகளில் கோடு பள்ளமாகி, தண்ணீர் அடியில் இறங்கி, டைல்ஸ் கழன்று ‘டொக் டொக்’ என்று ஒலிக்கத் தொடங்கும்.

● ஆசிட் பாட்டிலில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் இருக்கிறது. பீங்கான் கோப்பைக்காகச் செய்யப்பட்டது அது. பீங்கான் அந்த அமிலத்தைத் தாங்கும், சிமெண்ட் தாங்காது. கோப்பையைக் கழுவிவிட்டு மீதியைத் தரையில் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை இன்றோடு நிறுத்தலாம்.

● ‘இயற்கையான பொருள்தானே’ என்று வினிகர், எலுமிச்சம்பழம், புளி ஆகியவற்றால் தேய்ப்பவர்கள் உண்டு. வினிகரில் அசிட்டிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நல்லது. கிரவுட்டுக்கு நல்லதல்ல. ஒருமுறை பட்டால் இடிந்து விழாது என்றாலும், வாரந்தோறும் பட்டால் மெல்ல மெல்ல அரிக்கும். கோலா பானம் ஊற்றினால் வெளுக்கும் என்று பரவும் யோசனையும் இதே கதைதான். அதில் பாஸ்பாரிக் அமிலத்தோடு சர்க்கரையும் இருப்பதால் எறும்பும் வரும்.

● சமையல் சோடா தூவி அதன்மேல் வினிகர் ஊற்றினால் நுரை பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர்தான். அதற்குக் கறை நீக்கும் ஆற்றல் மிகக் குறைவு. சோடாவைத் தனியாகப் பயன்படுத்தினாலே வேலை நன்றாக நடக்கும்.

● ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி மட்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக்கூடத் துருப்பிடிக்க வைக்கும். ஆசிட் பாட்டிலைக் குளியலறை அலமாரியில் வைத்திருக்கும் வீடுகளில் குழாய், கீல், தாழ்ப்பாள் எல்லாம் சீக்கிரம் பொரிந்துபோவதற்கு அது ஒரு காரணம். இரும்பையே தின்னும் அந்த ஆவியைத்தான் குனிந்து தேய்ப்பவர் மூச்சில் இழுக்கிறார்.

● இடுக்கை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் கல்லையும் பாருங்கள். மார்பிள், கடப்பா, கோட்டா கல் ஆகிய மூன்றிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு நின்றாலே பாலிஷ் போய் மங்கிய தழும்பு விழும். அந்தத் தழும்பு கறை அல்ல, அரிப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மறுபடி பாலிஷ் போட்டால்தான் போகும்.

● காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி டைல்ஸைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் நிறச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். அந்த டைல்ஸின் முகமே சிமெண்ட்தான். பழைய ரெட் ஆக்ஸைடு தரையும் அப்படியே, மொசைக் தரையும் அப்படியே. இவற்றின் மீது ஆசிட் பட்டால் கோடு மட்டுமல்ல, பூவும் கொடியும் நிறமும் சேர்ந்தே போகும்.

● ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட லக்ஷ்மி தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. வாங்குபவரின் முகவரியைப் பதிவேட்டில் எழுத வேண்டும், புகைப்பட அடையாளச் சான்று பார்க்க வேண்டும், எதற்காக வாங்குகிறார் என்று கேட்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது. தரை கழுவுவதற்கென்று லேசாகக் கையில் எடுக்கும் பொருள் அல்ல அது.

ஒருபோதும் கலக்காதீர்கள்

● குளியலறையில் நடக்கக்கூடிய மிகப் பெரிய தவறு இது: கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்ப்பது. ‘இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தம்’ என்று தோன்றும். ஆனால் அமிலம் பட்டதும் பிளீச் குளோரின் வாயுவை விடுவிக்கும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே, எதிரிப் படைமீது ஏவப்பட்ட வாயு இதுவே. வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ பிளீச்சுடன் சேர்த்தாலும் இதே வாயுதான் வரும்.

● குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. மேலே எழாமல் தரையோடு தங்கும். நின்றுகொண்டிருப்பவருக்கு லேசாக நெடி அடிக்கும்போதே, குந்தி உட்கார்ந்து இடுக்கைத் தேய்ப்பவரின் முகத்தருகே அது அடர்ந்திருக்கும். கதவோரம் தவழ்ந்து வரும் குழந்தைக்கும் அப்படியே.

● நேற்று ஆசிட், இன்று பிளீச் என்றால் பரவாயில்லையா? நடுவில் நன்றாகக் கழுவியிருந்தால் மட்டும்தான். கிரவுட் உறிஞ்சும் பொருள், நேற்றைய அமிலம் துளைகளில் மிச்சமிருக்கலாம். ஒரு பொருளைப் பயன்படுத்தினால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, பிறகுதான் வேறொன்று.

● பிளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு உண்டாகும். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அம்மோனியா இருக்கும். சிறுநீர் தேங்கிய இடத்திலும் இருக்கும். ஆகவே கழிப்பறைத் தரையில் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகுதான் பிளீச்.

● ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலந்தால் பெர்அசிட்டிக் அமிலம் உருவாகும். கண், தோல், மூச்சுக்குழாய் மூன்றையும் எரிக்கும் பொருள் அது. சுத்தம் செய்யும் எந்த இரண்டு திரவங்களையும் கலந்து பார்க்க வேண்டாம். சோதனைச்சாலையில் செய்ய வேண்டியதைக் குளியலறையில் செய்யக்கூடாது.

● தவறிக் கலந்துவிட்டால்? தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று உள்ளே நிற்காதீர்கள். உடனே வெளியே வந்து, எல்லோரையும் நல்ல காற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் 108க்கு அழையுங்கள். சில சமயம் மூச்சுக் கோளாறு சில மணி நேரம் கழித்துத்தான் தீவிரமாகும். ‘இப்போது சரியாகிவிட்டது’ என்று அலட்சியமாக இருக்கக்கூடாது.

● ஆசிட்டோ பிளீச்சோ கண்ணில் தெறித்தால், இமைகளைத் திறந்து பிடித்துக்கொண்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போதும் சுடும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

● குளிர்பானப் பாட்டிலிலும் தண்ணீர்ப் பாட்டிலிலும் ஆசிட்டையோ பினாயிலையோ ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தோடு வரும் குழந்தைக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

கறையைக் கேளுங்கள், அது வழி சொல்லும்

● குழாயடியிலும் தண்ணீர் தேங்கும் இடுக்கிலும் வரும் இளஞ்சிவப்புப் படலம் துருவும் அல்ல, பூஞ்சையும் அல்ல. பெரும்பாலும் அது செராஷியா மார்செசன்ஸ் என்னும் பாக்டீரியா. இத்தாலியில் பாதுவா அருகே 1819இல் மக்காச்சோளக் கூழ் இரத்தச் சிவப்பாக மாறியபோது மக்கள் பேயின் வேலை என்று அஞ்சினார்கள். பார்தொலோமியோ பிட்ஸியோ ஆராய்ந்து அது ஒரு நுண்ணுயிர் என்று காட்டினார். சோப்பு, ஷாம்பு எச்சத்தில் செழிக்கும் இது, பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு தேய்த்தால் போய்விடும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் லென்ஸையும் அதன் டப்பாவையும் குளியலறையில் திறந்து வைக்க வேண்டாம், கண்ணைப் பாதிக்கக்கூடியது இது.

● கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. ஈரமும் காற்றோட்டக் குறைவும்தான் அதன் உணவுப்பந்தி. பிளீச் அடித்தால் நிறம் போகும், ஈரம் அப்படியே இருந்தால் சில வாரங்களில் திரும்பி வரும். பூஞ்சைக்கு முதல் மருந்து திறந்த ஜன்னல்.

● போர் தண்ணீர் விழும் இடத்தில் ஆரஞ்சு, செம்பழுப்புக் கறை இருந்தால் அது இரும்பு. இதற்குப் பிளீச் போட்டால் நிலைமை மோசமாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பை அது இன்னும் துருவாக்கி, கறையை அழுத்தமாகப் பதிக்கும். இந்த ஒரு கறைக்கு மட்டும் மிக நீர்த்த சிட்ரிக் அமிலம் உதவும். முதலில் இடுக்கைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, ஓரிரு நிமிடம் மட்டும் பூசி, உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். முன்கூட்டியே ஊறவைத்தால் துளைகளில் தண்ணீர் நிறைந்திருக்கும், அமிலம் ஆழத்துக்கு இறங்காது. மார்பிள், கடப்பா பக்கத்தில் இருந்தால் இதுவும் வேண்டாம்.

● வெள்ளைப் பொடி போலக் கோட்டின் மேல் பூத்திருந்தால் அது உப்பு. சுவருக்கோ தரைக்கோ அடியில் இருக்கும் ஈரம், உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து விட்டுவிட்டு ஆவியாகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய், மறுபடி பூக்கும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், பிறகு எங்கே கசிகிறது என்று தேடுங்கள்.

● உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத திப்பியாக மாறி, அது டைல்ஸிலும் இடுக்கிலும் சாம்பல் படலமாகப் படியும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் இதற்குப் போதும். டிடர்ஜென்ட் வகைத் திரவங்கள் கடின நீரில் இப்படித் திப்பி கட்டுவதில்லை.

● சமையலறை இடுக்கில் மஞ்சள்தூள் விழுந்தால், சில நேரம் மஞ்சளாக இல்லாமல் செம்பழுப்பாகத் தெரியும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் அதே வேதியியல்தான் இங்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சிமெண்டும் காரம், சோப்பும் காரம். ஹைட்ரஜன் பெராக்ஸைடு இந்தக் கறையை வெளுக்கும். வெயில் படும் இடமென்றால் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும்.

● மார்கழிக் கோலத்துக்குக் காவி இடும் வீடுகளில், வாசல் டைல்ஸின் கோடுகள் தை பிறந்த பிறகும் சிவந்தே இருக்கும். காவி என்பது இரும்பு ஆக்ஸைடு. ஏற்கெனவே முழுமையாகத் துருவேறிய பொருள், பிளீச்சுக்கு அசையாது. கோலப்பொடியை நனைக்காமல் முதலில் உலர்வாகக் கூட்டி அள்ளுவதுதான் வழி. தண்ணீர் பட்டால் நுண்ணிய பொடி துளைகளுக்குள் போய்ச் சேரும். மார்கழிக்கு முன்பே கோட்டுக்குச் சீலர் பூசிவிட்டால் இன்னும் நல்லது.

● சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு இடுக்கு கறுத்தால், அது நல்லெண்ணெயில் ஒட்டிய அழுக்கு. எண்ணெய் காய்வதற்குள் அன்றே வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றித் தேய்த்துவிட வேண்டும். வழுக்கி விழுவதையும் அது தடுக்கும்.

மென்மையில் தொடங்குங்கள்

● வரிசை இதுதான். முதலில் உலர்ந்த பிரஷ். பிறகு வெந்நீரும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும். போகாவிட்டால் சமையல் சோடா. அதற்கும் போகாவிட்டால் ஆக்ஸிஜன் பிளீச் அல்லது பெராக்ஸைடு. பூஞ்சைக்கு மட்டும் நீர்த்த குளோரின் பிளீச். பெரும்பாலான கோடுகள் இரண்டாவது, மூன்றாவது படியிலேயே சுத்தமாகிவிடும். கடைசிப் படியிலிருந்து தொடங்குவதுதான் நாம் செய்யும் தவறு.

● எந்தப் பொருளானாலும் முதலில் கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத ஒரு சாண் கோட்டில் சோதித்துப் பாருங்கள். காய்ந்த பிறகு நிறம் மாறாமல், விரலால் தேய்த்தால் மணலாக உதிராமல் இருந்தால்தான் மற்ற இடத்துக்கு வர வேண்டும்.

● ஆப்ப சோடா என்று நாம் சொல்லும் சமையல் சோடா மெல்லிய காரம், சிமெண்டை அரிக்காது. அதன் பொடி டைல்ஸ் கண்ணாடிப் பூச்சைவிட மென்மையானது, கீறாது. மூன்று கரண்டி சோடாவுக்கு ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பசையாக்கி, கோட்டில் அப்பி, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

● ஹைட்ரஜன் பெராக்ஸைடை 1818இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி ழாக் தெனார். வேலை முடிந்ததும் தண்ணீரும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்துவிடுவது இதன் அழகு. காயம் கழுவ மருந்துக் கடையில் கிடைக்கும். லேபிளில் 6 விழுக்காடு என்று இருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்து 3 விழுக்காடாக்கலாம். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால்தான் அடர்நிறப் பாட்டிலில் வருகிறது. சோடாவோடு சேர்த்துப் பசையாக்கினால் அப்போதே தீர்த்துவிடுங்கள். மூடி வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம்.

● துணிக் கறை நீக்கும் பவுடர்கள் பலவற்றில் சோடியம் பெர்கார்பனேட் என்னும் ஆக்ஸிஜன் பிளீச் இருக்கும். வெந்நீரில் போட்டதும் இது சலவை சோடாவும் பெராக்ஸைடுமாகப் பிரியும். ஒன்று எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், மற்றொன்று நிறத்தை எடுக்கும். குளோரின் நெடி இல்லை. கோட்டில் ஊற்றிக் கால்மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால், டீக் கறையும் நாள்பட்ட பழுப்பும் கிளம்பும். கையுறை மட்டும் கட்டாயம்.

● பிளீச்சிங் பவுடருக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டெனன்ட், ஆண்டு 1799. இன்றும் அதைத் தரையில் அப்படியே தூவுகிறோம், அது வீண். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் அளவில் பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அதற்கு முன் தரையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கரைத்தது அன்றே தீர வேண்டும், மறுநாளுக்கு வீரியம் குறைந்திருக்கும். நிறக் கிரவுட் என்றால் வெளுக்கக்கூடும், முதலில் சோதியுங்கள்.

● இரும்புக் கம்பி பிரஷ்ஷும் கம்பி நாரும் வேண்டாம். கோட்டைச் சுரண்டும், டைல்ஸைக் கீறும், உடைந்த கம்பித் துணுக்கு இடுக்கில் தங்கித் துருப்பிடித்துப் புதுக் கறை உண்டாக்கும். பழைய டூத் பிரஷ், அல்லது கடினமான நைலான் பிரஷ் போதும்.

● நீராவிக் கருவி வேதிப்பொருள் இல்லாமலே பிசுக்கை இளக்கும். உறுதியான கோட்டுக்கு எப்போதாவது பயன்படுத்தலாம். ஏற்கெனவே விரிசல் விட்ட பழைய கிரவுட்டில் அடித்தால் பெயர்ந்து வரும்.

● சுத்தம் செய்வதில் நேரமும் ஒரு பொருள்தான். பூசியவுடனே தேய்ப்பவர் தன் கைபலத்தால் கறையை எடுக்கிறார். பத்து நிமிடம் காத்திருப்பவருக்குப் பூசிய பொருளே வேலை செய்கிறது. தோள்வலி குறையும், கோடும் தேயாது.

● கடைசியில் நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவுவதும் சுத்தத்தின் பகுதியே. மிஞ்சிய சோப்புப் படலம் பசை போல நின்று நாளைய தூசியைப் பிடித்து வைக்கும்.

திரும்ப வராமல் இருக்க

● சீலர் என்னும் திரவம் சிமெண்ட் கிரவுட்டின் துளைகளுக்குள் இறங்கித் தண்ணீரை விலக்கும். சுத்தம் செய்து முழுக்கக் காய்ந்த பிறகே பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். அது எத்தனை காலம் தாங்கும் என்பது புழக்கத்தைப் பொறுத்தது. முன்பு சொன்ன சொட்டுத் தண்ணீர்ச் சோதனையை அவ்வப்போது செய்து, சொட்டு உள்ளிறங்கத் தொடங்கினால் மறுபடி பூசுங்கள்.

● குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பூஞ்சை, இளஞ்சிவப்புப் படலம், உப்பு, சோப்புத் திப்பி நான்கும் தேங்கும் ஈரத்தை நம்பியே வாழ்பவை.

● சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட் அடிக்கடி வெடிக்கும். இரண்டு பரப்பும் வெவ்வேறு விதமாக விரிந்து சுருங்குவதால், இறுகிய சிமெண்ட் அந்த அசைவைத் தாங்காது. அங்கே பூஞ்சை எதிர்ப்புச் சிலிகான் அடைப்பதே முறை. வெடித்த மூலையை எத்தனை தேய்த்தாலும் கறை போகாது, தண்ணீர் உள்ளேதான் போகும்.

● விரலால் தொட்டாலே உதிரும் கோட்டுக்குச் சுத்தம் தேவையில்லை, புதுக் கிரவுட் தேவை. பழையதன்மேல் மெல்லியதாகப் பூசினால் பெயர்ந்துவிடும். பாதி ஆழத்துக்காவது சுரண்டி எடுத்துவிட்டு அடைக்கச் சொல்லுங்கள். ஒரு சிறிய குளியலறைக்கு இது பெரிய செலவு அல்ல. ஆண்டுக்கணக்கில் ஊற்றும் ஆசிட்டும், கழலும் டைல்ஸும் அதைவிட அதிகம் கேட்கும்.

● இந்தக் கோடுகளைத் தேய்ப்பவர் யார்? பல வீடுகளில் அம்மா, அல்லது வேலைக்கு வரும் அக்கா. எந்தப் பாட்டில் வாங்குவது என்று முடிவு செய்பவர் ஒருவர், அதன் ஆவியை மூச்சில் இழுப்பவர் வேறொருவர். வாங்குபவர் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் நீண்ட கைப்பிடி பிரஷ்ஷும் சேர்த்து வாங்கி, எதை எதோடு கலக்கக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு வர வேண்டும். கோடு கொஞ்சம் பழுப்பாகவே இருந்தாலும் வீடு சுத்தமாகத்தான் இருக்கும். அதற்காக யாரும் இருமிக்கொண்டே வெளியே வரக்கூடாது.